ஐந்தாவது வரி

திங்கட்கிழமை சாயந்திரம் தையல்காரம்மா அழுதார், அழுதுகொண்டே சம்மதித்தார். வருகிற ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் தலையாட்டியதும் சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி இந்த ஊருக்கு ஊழியத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் கேட்டு ஒருவர் சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பெரியவர் என்றால் வயதில் பெரியவர் என்று நினைத்துவிட வேண்டாம், இருபத்தைந்துதான். சபை தன் ஊழியர்களை இரண்டிரண்டு பேராகத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும். முன்னால் வந்தவர் பெரியவர், பின்னால் வந்தவன் சின்னவன். அவருடைய முன்னந்தலை மட்டும் அந்தப் பட்டத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்ள ஆரம்பித்திருந்தது. இரண்டு வருட ஊழியத்தில் அவருக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. இதுவரை ஒரே ஒரு ஞானஸ்நானம்கூட அவர் கைவழியாக நடக்கவில்லை.

நான்காம் மாடியிலிருந்து இறங்கும்போது பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எழுதிட்டியா?"

ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தால், படி இறங்கி முடிப்பதற்குள் குறிப்பு நோட்டில் எழுதிவிட வேண்டும் என்பது விதி. கதவு எண், யார் இருக்கிறார்கள், எப்போது போகலாம், யார் இருந்தால் போகக் கூடாது, அந்த வீட்டின் துயரம் என்ன. கடைசியாக, அந்தத் துயரத்தின் வழியாக உள்ளே போவது எப்படி. அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சின்னவனுக்கு இதில் நல்ல கை. போன மாதக் கூட்டத்தில் தலைமை ஊழியர் அவன் எழுதிய ஒரு பக்கத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டி, "ஊழியம்னா இப்படிக் கவனிக்கணும்" என்று தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து பையன் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்தான். பாராட்டு யாரைத்தான் விட்டது!

"எழுதிட்டேன் பிரதர்" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டான். நோட்டு இல்லை.

வைத்த இடம் உடனே நினைவுக்கு வந்தது. தையல் மேஜைமேல், யாருக்கோ தைக்க வெட்டிப் போட்டிருந்த நீலத் துணியின் பக்கத்தில். அழுகிற அக்காவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்போதே "ஐயோ, மறந்துட்டேன்" என்று திரும்பி ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எழுதிவிட்டதாக வாய் முந்திக்கொண்டுவிட்டது. பெரியவர் வேறு, படியிலேயே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. புதன்கிழமை எப்படியும் வரத்தானே போகிறோம், எடுத்துக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தச் சமாதானம் அவனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் ஏறிய வீடுகள் ஏழு. ஏழிலும் படி இறங்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, பெரியவர் திரும்பினால் பைக்குள் திணித்தான். தனியாக ஓடிப் போய் நோட்டை எடுத்துவரலாம் என்றால், ஒருவர் கண்ணில் படாமல் இன்னொருவர் எங்கேயும் போகக் கூடாது. குளியலறை மட்டும்தான் விலக்கு. குளியலறை வழியாக நான்காம் மாடிக்கு வழி கிடையாது.

அவன் பயந்தது தனக்காக மட்டும் அல்ல. தையல்காரம்மாவின் கணவர் லாரி ஓட்டுபவர். ஒரு வாரம் வீடு, ஒரு வாரம் சாலை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் மகள் இறந்த மறுநாள் யாரோ ஒரு பிரசங்கி வந்து, எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து சாமி, சபை என்று யார் வந்தாலும் அந்த மனிதருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "அந்த மாதிரி பசங்க என் வீட்டுப் படி ஏறினாங்கன்னு தெரிஞ்சா, நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அண்ணன் வீட்டில் அண்ணி ஒரு வேளைச் சோற்றைக்கூட முகம் சுளிக்காமல் போட மாட்டாள் என்பது அக்காவே சொன்னது. இது அத்தனையும் தெரிந்துதான் இவர்கள் ஆறு வாரமாக, லாரி இல்லாத நாள் பார்த்து, படியேறிக்கொண்டிருந்தார்கள்.

லாரி வெள்ளிக்கிழமைதான் வரும். அதுவரை பயமில்லை.

புதன்கிழமை சாயந்திரம் கட்டடத்தின் முன்னால் லாரி நின்றது.

பெரியவர் சட்டென்று சின்னவன் முழங்கையைப் பிடித்துத் தெருவின் அந்தப் பக்கம் இழுத்தார். "லாரி இருந்தா ஏறக் கூடாது. நீ எழுதினதுதானே? வா, போயிடலாம்."

"ஏறணும் பிரதர்."

"பைத்தியமா உனக்கு?"

"நோட்டு மேலதான் இருக்கு."

பெரியவர் கை அவன் முழங்கையிலேயே இருந்தது. விரல்கள் மட்டும் இறுகின. "எந்த நோட்டு?" என்றார். இருப்பதே ஒரு நோட்டு என்று அவருக்கும் தெரியும்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் அவர் வாயைத் திறந்தார். திறந்தவர் மூட அரை மணி நேரம் ஆனது. ஊழியத்துக்கு வந்தவன் வாயில் பொய்யா என்றார். முப்பத்திரண்டு வீட்டு விஷயம் அதில் இருக்கிறது என்றார். பேக்கரிக்காரர் மனைவி அம்மா வீட்டுக்குப் போகவில்லை, ஒரேயடியாகப் போய்விட்டாள் என்பது அதில் இருக்கிறது. எதிர்வீட்டு வாட்ச்மேன் சிறையில் இருந்தது இருக்கிறது. கத்திக் களைத்தபிறகு, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த தன் ஆறு சட்டைகளையும் எடுத்து, கலைத்து, மறுபடி அடுக்கினார்.

"தலைமை ஊழியருக்குச் சொல்லிடலாம்" என்றான் சின்னவன்.

"சொன்னா உன்னை அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்க. ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியையும் நிறுத்திடுவாங்க." பெரியவர் சட்டையின் காலரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நம்ம எழுத்துலதானே இருக்கு? இந்த ஊர்க்காரர் யாரு அதைப் படிக்கப் போறா? மூச்சுக் காட்டாதே. ஞாயிறு முடியட்டும்."

சமாதானம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊரில் அவர்கள் எழுத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். தெருமுனை மளிகைக்கடைக்காரர். இருபது வருடத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டிலிருந்தே பிழைக்க வந்தவர். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் உருளைக்கிழங்கு வாங்க வந்தவர், வெங்காயம் வாங்க வந்தவர் எல்லோருக்கும் அது இலவச இணைப்பு.

வியாழன் ஒருவழியாகக் கழிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ரொட்டி வாங்கத் தெருமுனைக்குப் போனபோது, கடையிலிருந்து லாரிக்காரர் வெளியே வந்தார். நல்ல உயரம், வெயிலில் கறுத்த இடது கை. அந்தக் கையில் பச்சை அட்டை போட்ட நோட்டு இருந்தது. சின்னவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவர் இவர்களைப் பார்க்கவில்லை; பார்த்தும் பார்க்காத மாதிரி போனாரோ என்னவோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"படிச்சுக் காட்டிட்டாரு" என்றான்.

"வாயை மூடு" என்றார் பெரியவர். ஆனால் அவரே கடைக்குள் போகாமல் வந்த வழியே திரும்பி நடந்தார். அன்று ரொட்டியும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கடைக்காரரே அறை வாசலில் வந்து நின்றார். எப்போதும் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுகிறவர், அன்று கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நின்றார்.

"தம்பி, என்னைப் பத்தி நல்லா எழுதியிருக்கே."

சின்னவன் கதவை அகலத் திறந்து வழிவிட்டான். அவர் உள்ளே வரவில்லை.

"வாய் ஓயாதுன்னு எழுதியிருக்கே. சரி, அது ஊருக்கே தெரியும். பொண்டாட்டிக்குப் பயம்னு எழுதியிருக்கே. அதுவும் போகட்டும், எவன் பயப்படலே? ஆனா என் பையனைப் பத்திக் கேட்டா நான் பேச்சை நிறுத்திடறேன், அப்போ உங்க விஷயத்தை ஆரம்பிக்கலாம்னு எழுதி, கீழே ரெண்டு கோடு வேற போட்டிருக்கே. வாரா வாரம் வந்து 'பையன் போன் பண்ணினானா அண்ணே'ன்னு கேப்பியே. அக்கறையா கேக்கறேன்னு நெனச்சேன்டா."

"அண்ணே..."

"விடு. லாரிக்காரர் அவர் வீட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொன்னாரு. புரட்டும்போது என் பக்கம்தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் அடுத்தவங்க பக்கத்தைப் படிக்க எனக்கு வாய் வரலே. எழுதினவன் வாயாலேயே கேட்டுக்குங்கன்னு கொடுத்துட்டேன். அஞ்சு மணிக்கு வரச் சொன்னாரு. எழுதினவன் மட்டும் வரணுமாம்."

பெரியவர் பகல் முழுக்க அவனுக்குப் பாடம் நடத்தினார். ஜெபக் குறிப்பு என்று சொல், குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காக வேண்டிக்கொண்டோம் என்று சொல். "அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த அக்காவுக்கும் தெரியாது. நீ என்ன படிக்கறியோ அதுதான் அங்க எழுதியிருக்கு. அந்த அம்மா குடும்பம் பிழைக்கணுமா வேண்டாமா?" அவர் சொன்னதில் தப்புச் சொல்ல முடியவில்லை. அதுதான் சின்னவனுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஒரு பொய் அக்காவையும் காப்பாற்றும், தன்னையும் காப்பாற்றும், பெரியவரின் ஞாயிற்றுக்கிழமையையும் காப்பாற்றும்.

ஐந்து மணிக்குப் பெரியவர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றுகொண்டார். சின்னவன் மட்டும் ஏறினான்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரோரம் நிறுத்தி வைத்திருந்த ஒரு பெட்டி. மேலே மடித்த போர்வை. யாரோ புறப்படத் தயாராக இருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தையல்காரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து நீலத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. லாரிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரு."

உட்கார்ந்தான்.

"கத்தரிக்கோல் தேடினேன். மெஷின் டிராயர்ல இது இருந்துச்சு." நோட்டை மேஜைமேல் வைத்து, ஒரு பக்கத்தைப் பிரித்தார். "எங்க கதவு நம்பர். நம்பர் மட்டும் எனக்குப் புரியுது. நீங்க வந்ததை இவளே சொல்லிட்டா, ஒளிக்கலே. என்ன பேசினேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. அதுல இருக்கும், அவங்களையே கேளுங்கன்னு சொல்றா. மூணு நாளா இதே பதில். படி."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னவன் தன் கையெழுத்தைப் பார்த்தான். அழகான, சாயாத கையெழுத்து. இந்தக் குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காக என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தான். அப்போது மெஷின் நின்றது. தையல்காரம்மா அவனைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல. மூன்று வருடமாகத் தன்னால் கணவரிடம் சொல்ல முடியாததை யாராவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்கிற பார்வை. பெரியவர் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு நோட்டைக் கையில் எடுத்தான்.

"நாலாம் மாடி, மூணாம் கதவு" என்று அந்த ஊர் மொழியில் படிக்க ஆரம்பித்தான். "தையல் வேலை. கணவர் லாரி ஓட்டறார். அவர் இல்லாத வாரம் மட்டும் போகலாம்."

லாரிக்காரர் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். "ம்."

"மகள் காய்ச்சல்ல இறந்து மூணு வருஷம். அப்போ வயசு நாலு."

லாரிக்காரர் மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"கணவர் மகளைப் பத்திப் பேச விடறதில்லை. போட்டோவையும் எடுத்து எங்கயோ வெச்சுட்டார்."

நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. அடி விழப்போகிறது என்று சின்னவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். விழவில்லை. அவர் ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றார். "மேலே படி" என்றார்.

"ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா, அந்த வயசு அளவுல ஒரு கவுன் தைக்கறார். அலமாரி கடைசித் தட்டுல, போர்வைக்கு அடியில வெச்சிருக்கார். கணவருக்குத் தெரியாது."

படித்துவிட்டு நோட்டை மூடினான். உள்ளுக்குள் ஒரு மூலையில், சொல்லக் கூசும், ஒரு நிம்மதி. பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டோம் என்று.

"தம்பி." தையல்காரம்மா கூப்பிட்டார். "இன்னும் ஒரு வரி இருக்கே."

"அது... ஒண்ணுமில்லேக்கா."

"எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். திங்கட்கிழமை சாயந்திரத்துலேர்ந்து அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன். வரி அஞ்சு. நாலு படிச்சீங்க. நாலும் நான் சொன்னது. ரெண்டு கோடு போட்டிருக்கறது அஞ்சாவதுக்குத்தான். கெட்டியா நிக்கவேண்டிய இடத்துலதானே ரெட்டைத் தையல் போடுவாங்க? அதைப் படிங்க."

சின்னவன் மறுபடி நோட்டைத் திறந்தான். அந்த வரியை எழுதிய நாள் நன்றாக நினைவிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், இதே படியில், இரண்டாம் மாடிக்கு இறங்குவதற்குள் எழுதி முடித்தான். நன்றாக வந்திருக்கிறது என்று பெரியவரிடம் காட்டவும் செய்தான்.

"கவுனைப் பத்திப் பேசினா அழறார்." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அழும்போது கேட்கணும்."

தையல்காரம்மா திங்கட்கிழமை அவன் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்த்தார் போலிருக்கிறது. இந்த வருஷக் கவுன் என்ன நிறம் அக்கா, கழுத்துக்கு லேஸ் வைத்தீர்களா, பாப்பாவுக்கு லேஸ் பிடிக்குமா.

"அதான் அன்னிக்கு லேஸ் பத்திக் கேட்டீங்களா" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தைத்துக்கொடுத்த துணியில் அளவு தப்பியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிற மாதிரி கேட்டார். "பாப்பா பத்தி என்கிட்ட யாருமே கேக்கறதில்லை. நீங்க கேட்டீங்கன்னு உங்களுக்கு எல்லாத்தையும் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சின்னவனுக்குத் தோன்றியது. ஐந்து மாதம் படித்த மொழியில் அதற்கு மூன்று நான்கு வார்த்தைகள் தெரியும். அதில் எதுவும் இதற்குப் போதாது.

தையல்காரம்மா எழுந்தார். அலமாரியின் கடைசித் தட்டைத் திறந்து, போர்வையை விலக்கி, மூன்று கவுன்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். மஞ்சள், வெள்ளை, பிறகு நீலப் பூப்போட்டது. ஒன்றைவிட ஒன்று நாலு விரல் நீளம்.

லாரிக்காரர் திரும்பினார். மேஜை வரைக்கும் வந்து, கடைசிக் கவுனை இரண்டு கையாலும் எடுத்தார். எங்கே உட்காருவது என்று பார்க்காமலே, சுவரோரம் இருந்த அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கவுனைத் தரையில் ஊன்றிய மாதிரி தன் முழங்கால் முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வளர்ந்திருப்பாளா?"

"இன்னும் கொஞ்சம் இருப்பா" என்றார் அவர் மனைவி. "உங்க உயரம்தானே அவளுக்கு."

"கழுத்து சின்னதா இருக்கே."

"இல்லேங்க. பின்னால பட்டன் இருக்கு. இங்க பாருங்க."

தையல்காரம்மா கணவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பட்டனைக் காட்டினார். சின்னவனைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவன் அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அவன் அந்த வீட்டுப் பக்கத்தைக் கிழித்து, அந்த நீலத் துணியின் மேல் வைத்தான். மீதி நோட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தான்.

முதல் படியில் கால் வைத்ததும் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. மூடியையும் கழற்றிவிட்டது. பெட்டிமேல் உட்கார்ந்தது, கழுத்து சின்னது என்றது, எல்லாம் வார்த்தை வார்த்தையாக மனதில் வரிசை கட்டி நின்றன. அவன் எழுதியதிலேயே நன்றாக வரக்கூடியது அது. தன் கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

திருப்பத்தில் பெரியவர் காத்திருந்தார். "என்ன ஆச்சு? அந்தம்மா நாளைக்கு வர்றாங்களா?"

"வர மாட்டாங்க பிரதர்."

பெரியவர் முகம் விழுந்தது. பிறகு பழக்கம் விடவில்லை. "எழுதிட்டியா?" என்றார்.

"இல்லே. எழுத மாட்டேன். இருக்கற முப்பத்தொரு பக்கத்தையும் நாளைக்கு அவங்கவங்க வீட்டுல கொடுத்துட்டு வரணும். நானே படிச்சுக் காட்டிட்டு."

"துரத்துவாங்கடா."

"துரத்தட்டும்" என்று சொல்லும்போதே அவனுக்கு உடைந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஊரை விட்டு வந்த நாளில்கூட அவன் இப்படி அழவில்லை.

பெரியவர் ஏதோ கேட்பதற்காகக் குனிந்தார். வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. இஸ்திரி கலையுமே என்றுகூடப் பார்க்காமல் அந்த அழுக்குப் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் அழுது முடிக்கும்வரை அவர் ஒன்றுமே கேட்கவில்லை.